பத்தாம் நம்பர் முள்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச வருகிறார்கள். மீதிப் பேர் நெட்டில் வாங்கிய சாமானை எப்படி மாட்டுவது என்று கேட்க வருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான்தான் காப்பி ஊற்றித் தரவேண்டும். மேற்குக் கென்டக்கியில், ஏரிக்குப் போகிற சாலையில், முப்பது வருஷமாகக் கடை ஓடுகிறது.

கடையின் முன்பக்கத்தில் மண்புழு டப்பா, சுவர்க்கோழிப் பூச்சிக் கூண்டு, ஐஸ் பெட்டி. வயிற்றுப்பாடு அதில்தான். பின்சுவர் மட்டும் என் ஆசைக்கு. அங்கே பூச்சித் தூண்டில் சாமான்கள் தொங்கும். பூச்சித் தூண்டிலில் உயிருள்ள இரை எதுவும் கிடையாது. முள்ளின் மேல் தக்கையும் இறகும் ரப்பர் கால்களும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சிதான். அதற்குக் கனமே இல்லாததால் அதை எறிய முடியாது. கனமான நூலைச் சாட்டை மாதிரி வீசினால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பூச்சியும் போய்த் தண்ணீரில் உட்காரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வேலையற்றவன் வேலை. மினுமினுக்கிற படகில் ஏறிப் பெரிய பாஸ் மீனைத் துரத்தினால்தான் அவர்கள் கணக்கில் ஆண்பிள்ளை.

நான் பூச்சி கட்டுவது சட்டி மீனுக்கு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வறுக்கிற சட்டியில் தலையிலிருந்து வால் வரை அடங்குவதால் அந்தப் பெயர். நாங்கள் பிரிம் என்போம். வாய் சட்டைப் பித்தான் அளவு, ரோஷம் மட்டும் எருமை அளவு. இந்த மீன் பத்து கிலோவுக்கு வளர்ந்திருந்தால் எங்கள் ஏரியில் ஒருத்தனும் குளித்திருக்க முடியாது.

மே மாதம் இரண்டாவது வாரம், புதன்கிழமை காலை, டெல்பர்ட் ஸ்டிட் உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். முப்பத்தோரு வருஷம் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், ரோட்டு வேலை. லாரியில் வரும் ஜல்லியை இழுத்துச் சமன் செய்கிற பெரிய வண்டி ஓட்டினான். போன வருஷம்தான் ஓய்வு. விரல் ஒவ்வொன்றும் சோளக்கதிர் தடிமன். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். கதவருகே நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைக்குள் ஒரு பூச்சித் தூண்டில் வேண்டும், பிரிம் பிடிக்க, என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்பர்ட் கெளுத்திக்காரன். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, விரல் தடிமன் முள்ளில் கோழி ஈரலைக் குத்தித் தொங்கவிட்டு, மறுநாள் போய் இழுக்கிறவன்.

"ஏன் டெல்பர்ட், உடம்பு கிடம்பு சரியில்லயா? திடீர்னு சாமியாராப் போற மாதிரி பேசற."

அவன் பின்சுவருக்குப் போனான். போனவன் கை நேராக எட்டாம் நம்பர் கோலுக்குப் போனது. சுவரிலேயே தடியானது அதுதான்.

"அத வை. அது கடல் மீனுக்கு. அதை வச்சு பிரிம் பிடிக்கிறது, கொசு அடிக்க உன் ரோட்டு வண்டியை ஓட்டிட்டு வர்ற மாதிரி."

வைத்துவிட்டான். நான் அவனைச் சுவர் முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நம்பர் கோல் சுகமாக இருக்கும், உள்ளங்கை மீன்கூடச் சுறா மாதிரி இழுக்கும், ஆனால் காற்று அடித்தால் திணறும். முதல் தடவை பிடிக்கிறவனுக்கு நாலாம் நம்பர்தான் நல்லது என்றேன். அதிலும் விறைப்பான கோல் வேண்டாம், அடிவரை வளைகிற கோலாகப் பார்த்து எடுத்தேன். விறைப்பான கோல் கடையில் அழகு, வளைகிற கோல் குளத்தில் அழகு. ரீல் தட்டில் பளபளப்பானது ஒன்றை அவன் தடவிக்கொண்டிருந்தான். பிரிம் ஓடிப்போய் ரீலைக் கதறவைக்கப் போவதில்லை, இது நூல் சுற்றி வைக்கிற டப்பாதான், இருப்பதில் சாதாரணமானதை எடு என்றேன். மிதக்கிற நூல், கண்ணுக்குத் தெரிகிற இளமஞ்சள். அதன் நுனியில், பூச்சியைக் கட்ட, ஏழரை அடி மெல்லிய நைலான் நரம்பு. இத்தனையும் நானே பூட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். முடிச்சுப் போடும்போது அவன் பக்கத்தில் வந்து பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்குப் பக்கத்துப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் வீசச் சொன்னேன். முதல் வீச்சு என் பெயர்ப்பலகையில் சிக்கியது. இரண்டாவது அவன் தொப்பியைத் தட்டியது. பின்னால் போன நூல் முழுசாக நீளுகிற வரை காத்திரு, பிறகு முன்னால் கொண்டுவா என்றேன். நாலாவது வீச்சில் நூல் சுருள் பிரிந்து நேராக விழுந்தது. முப்பத்தோரு வருஷம் நெம்புகோல் பிடித்த கை, எங்கே அழுத்த வேண்டும், எங்கே விடவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூச்சித் தூண்டிலுக்கு இன்னொருத்தன் கிடைத்தான் என்று அவன் முதுகில் தட்டினேன்.

திரும்பி உள்ளே வந்து, பூச்சிகள் தொங்குகிற அட்டையின் முன் நின்றோம். அப்போதுதான் கேட்டான்.

"மிஸ் ஒலீட்டா குளத்துக்கு எந்தப் பூச்சி சரியா வரும்?"

ஒலீட்டா கிரேவன்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தைந்து வருஷம் ஊருக்கே சோறு போட்டவள். கணவன் இறந்து ஒன்பது வருஷம், ஆனாலும் எங்கள் ஊர் மரியாதைக்கு எல்லாப் பெண்களும் மிஸ்தான். ஊருக்கு வெளியே வீடும் மூன்று ஏக்கர் குளமும் உண்டு. இந்தக் கவுண்டியில் பூச்சித் தூண்டில் பிடிக்கிற ஒரே பெண். ஆறு வருஷமாக, ஏப்ரலில் தொடங்கி ஜூன் முடிய, வெள்ளிக்கிழமைதோறும் என் கடைக்கு வருவாள். பத்தாம் நம்பர் முள்ளில் மஞ்சள் தக்கை, கறுப்பு ரப்பர் கால், ஒரு டஜன். அதை நான் சுவரில் தொங்கவிடுவதில்லை. வியாழக்கிழமை உட்கார்ந்து கட்டி, காகித உறையில் போட்டு, தேதி எழுதி, கல்லாவுக்குக் கீழே தனியாக வைத்திருப்பேன். ஒரு வாரத்தில் ஒரு டஜன் எப்படித் தீரும் என்று முதல் வருஷம் கேட்டேன். கரையில் ஒரு வில்லோ மரம் இருக்கிறது, வீசுகிற பூச்சியையெல்லாம் அது பிடுங்கிக்கொள்கிறது என்றாள். நான் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஊரையே வாயால் உரிக்கிறவன் நான். அவள் வந்தால் மட்டும் மழை வருமா வராதா என்று பேசுவேன். ஆறு வருஷமாக மழையைத்தான் பேசினேன். கல்யாணம் செய்துகொள்ளாதவன் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், கடை இருக்கிறது என்பேன். உண்மையில் கடையில் நான் காத்துக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமைக்கு.

டெல்பர்ட் விஷயத்தைச் சொன்னான். அவன் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான். போன ஞாயிறு தேவாலயத்துச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மீன் பிடிப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். பிடிப்பேன் என்றானாம். பூச்சித் தூண்டிலா என்று கேட்டாளாம். ஆமாம், ரொம்ப வருஷமாக, என்று சொல்லிவிட்டானாம். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று பயந்திருக்கலாம். பிரிம் முட்டையிடப் படுக்கை போட்டுவிட்டது, சனிக்கிழமை காலையில் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

"அவங்க குளத்துச் சட்டம் உனக்குத் தெரியும்ல?" என்றான்.

கவுண்டிக்கே தெரியும். ஒலீட்டா குளத்தில் அவரவர் பிடித்த மீன்தான் அவரவர் தட்டில். வெறும் கையோடு கரையேறினால் முட்டைக்கோஸ் கலவையும் சோளமாவு உருண்டையும்தான். ஒரு தடவை பாஸ்டரே முட்டைக்கோஸ் தின்றுவிட்டுப் போனார்.

"வெறுந்தட்டோட அவங்க முன்னாடி உக்கார முடியாது, வெண்டல். என் வயசுல இன்னொரு தடவை யாரு கூப்பிடப் போறா?"

புல்வெளியில் அவன் முதுகைத் தட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முள் நம்பரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கோலுக்கு நம்பர் ஏறினால் கனம் ஏறும். முள்ளுக்கு நம்பர் ஏறினால் உடம்பு இறங்கும். நாலாம் நம்பர் பெரிசு, பத்தாம் நம்பர் சின்னது. இந்தக் கோணல் கணக்கை வைத்தவன் கையில் கிடைத்தால் நான் இரண்டு வார்த்தை கேட்பேன். பித்தான் வாய் பிரிமுக்குப் பத்துதான் சரி. நாலாம் நம்பரைப் போட்டால் மீன் வந்து முட்டும், கால்களைப் பிடித்து இழுக்கும், வாயில் மட்டும் ஏறாது. நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

டெல்பர்ட் முதலில் பத்தாம் நம்பர் வரிசையைத்தான் தொட்டான். ஒன்றை எடுத்துக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பி மாட்டினான். பிறகு கீழ் வரிசையிலிருந்து பாஸ் மீனுக்குக் கட்டின நாலாம் நம்பர் பூச்சிகளில் ஆறு எடுத்துக்கொண்டு வந்து கல்லா மேல் வைத்தான்.

"கோலு நாலு, முள்ளும் நாலு. நாலுக்கு நாலு, சரிதானே?"

புதுசாக வருகிறவர்கள் செய்கிற தப்புதான். வேறு யாராக இருந்தாலும் அவனை மரமண்டை என்று திட்டிவிட்டு நானே மாற்றிக் கொடுத்திருப்பேன். வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது ஒரே எழுத்து.

"ம்."

பையில் போட்டேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானம் வரை எனக்குக் குஷியாக இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. டெல்பர்ட் முட்டைக்கோஸ் மெல்லுகிற காட்சியை நாலைந்து தடவை மனசில் ஓட்டிப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லையே, கேட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதானே என்று எனக்கே வக்கீல் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அந்தக் குஷி போய்விட்டது. வியாழக்கிழமை பூச்சி கட்ட உட்கார்ந்தேன். பத்தாம் நம்பர் முள்ளை இடுக்கியில் வைக்கும்போதெல்லாம் அவன் கை நீட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. டஜனில் மூன்று கோணலாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒலீட்டா வந்தாள். உறையை எடுத்துக் கொடுத்தேன். மழை வராது என்றேன். வராதுதான் என்றாள். நாளைக்கு டெல்பர்ட் ஸ்டிட் குளத்துக்கு வருகிறார், அவருக்குப் பூச்சித் தூண்டில் பழக்கமாம் என்றாள். அவன் ஒரு பொய்யன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், வயிற்றில் ஏற்கெனவே ஒரு பாவம் உருண்டுகொண்டிருந்தது, இன்னொன்றுக்கு இடமில்லை.

உறையைப் பையில் போட்டவள் உடனே போகவில்லை. சுவர்க்கோழிக் கூண்டுப் பக்கம் நின்றாள்.

"நாளைக்குக் கடை உண்டா, வெண்டல்?"

"சனிக்கிழமையாச்சே, மிஸ் ஒலீட்டா. கூட்டம் இருக்கும்."

"ஆமா. இருக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் கூண்டுக்குள் இருந்த பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கூட்டம் இருக்கத்தான் செய்தது. மண்புழு கேட்டு மூன்று பேர் நிற்கிறார்கள். நான் பத்தாம் நம்பரில் ஒரு டஜன் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். டெல்பர்ட்டிடம் பூச்சியைக் கொடுத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது, அதுதான் திட்டம். இன்னும் ஒரு மீனும் கிடைத்திருக்காது, நேரம் இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அந்தக் குளத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் தர்ப்பூசணியை வெட்டிவைத்த மாதிரி வாசனை. பிரிம் படுக்கை போட்டிருக்கிற கரையில் அந்த வாசனை வரும். தெளிந்த தண்ணீரில் அடியிலிருக்கிற பருக்கைக் கல்லை வாலால் ஒதுக்கித் தட்டுத் தட்டாகக் குழி பறித்திருந்தன. நாலு பக்கமும் புல் வெட்டின வெறும் கரை. தூரத்தில் வீட்டுப் பக்கம் ஒரு தேவதாரு. அதைத் தவிர ஒரு மரம் கிடையாது.

நான் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். வில்லோ மரம் வெட்டப்பட்ட அடிக்கட்டையாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

டெல்பர்ட் கரையில் கோலோடு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஒலீட்டா, மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி, அவன் நரம்பின் நுனியை உதட்டில் நனைத்து ஒரு மஞ்சள் பூச்சியின் முள்ளில் ஊசிக்காது மாதிரி இருக்கிற காதில் மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டின பூச்சி. பத்தாம் நம்பர். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டதும், வந்தீர்களா என்று மட்டும் கேட்டாள். மாவு கலக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு நடந்தாள்.

ஒலீட்டா வாளியில் நாலு மீன், டெல்பர்ட் வாளியில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. என் சட்டைப் பையிலிருந்த டஜனுக்கு வேலையே இல்லை.

"டெல்பர்ட், அந்த நாலாம் நம்பர்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். கண் குளத்தின் மேல் இருந்தது.

"முப்பத்தோரு வருஷம் ஜல்லி கொட்டியிருக்கேன், வெண்டல். மூணாம் நம்பர் ஜல்லி முட்டைப் பெரிசு, பத்தாம் நம்பர் வெறும் தூளு. நம்பர் ஏற ஏறச் சின்னதாகும்னு எனக்குத் தெரியாதா? பத்துதான் வேணும்னு தெரியும். ஆனா அதோட காது எனக்குத் தெரியல. ரெண்டு வருஷமாவே பக்கத்துல இருக்கிறது தெரியல. இந்த விரலுக்குச் சிக்கவும் இல்ல. உன் கடையில வச்சு அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் நாலுக்கு நாலுன்னு ஏதோ உளறினேன்."

நூலை இழுத்து இன்னொரு தடவை வீசினான்.

"நீ பாத்த பார்வையிலயே உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு தெரியும். வேற எவனா இருந்தாலும் கடையில நின்னு சிரிச்சிருப்பான். நீயும் சாதாரணமா சிரிக்கிற ஆளுதான். ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்காம, ம்னு சொல்லிப் பையில போட்டுக் கொடுத்த. அத நான் மறக்க மாட்டேன்."

இல்லை டெல்பர்ட், அது அப்படியில்லை என்று சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. மாவு கலக்க நானும் உதவுகிறேன் என்று வீட்டுப் பக்கம் தப்பித்து ஓடினேன்.

ஒலீட்டா அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கித் தாருங்கள், கத்தி டிராயரில் இருக்கிறது என்றாள். எந்த டிராயர் என்று அவள் சொல்லவில்லை. நான் மேலே இருந்ததை இழுத்தேன்.

உள்ளே காகித உறைகள். விளிம்பு வரைக்கும் அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, வருஷவாரியாக. ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் ஒரு வெள்ளிக்கிழமைத் தேதி. ஒட்டின வாய் ஒட்டினபடி இருந்தது. மேலே இருந்த ஒரே ஒரு உறை மட்டும் அன்று காலையில் பிரித்தது.

தேதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பின்னால் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு வருஷத்துக்கு ஒரு டஜன் போதும்," என்றாள் ஒலீட்டா. கோபமாகச் சொல்லவில்லை. "அந்த மரம் எங்க இருக்குன்னு பாக்கவாவது ஒரு தடவை வருவீங்கன்னு நெனச்சேன். எவ்வளவு நாளைக்குத்தான் ஒரு பொம்பள பூச்சி வாங்கிக்கிட்டே இருப்பா, வெண்டல்?"

நேற்று அவள் கூண்டுப் பக்கம் நின்றது, கடை உண்டா என்று கேட்டது, அதற்கு நான் கூட்டம் என்று சொன்னது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆறு வருஷத்தில் அப்படி எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். மழையைப் பற்றி அவள் பேசினதெல்லாம்கூட மழையைப் பற்றி இல்லையோ என்னவோ.

"இப்ப?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டெல்பர்ட் பின்னால் நூல் நீளுகிற வரை காத்திருந்து, முன்னால் கொண்டுவந்து விட்டான். நன்றாக விழுந்தது.

"காலையில வந்து இறங்கினதும், குட் மார்னிங் கூடச் சொல்லல. நான் பொய் சொன்னேன் மிஸ் ஒலீட்டா, இந்தக் கோலைப் பிடிச்சு மூணு நாள்தான் ஆகுது, முள்ளுல நரம்பு கோக்கக் கண்ணும் தெரியாதுன்னாரு. அதச் சொல்றதுக்குள்ள சட்டை நனைஞ்சுபோச்சு. ஆனா சொல்லிட்டாரு." அவள் சட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். "கத்தி ரெண்டாவது டிராயர்ல இருக்கு."

வெங்காயம் நறுக்கினேன். கண்ணீர் வந்ததற்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத வேலை அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு வெளி மேஜையில் உட்கார்ந்தோம். சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன், சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ், இனிப்பு டீ. ஒலீட்டா தலைகுனிந்து ஜெபம் சொல்லிவிட்டுத் தட்டுகளை வைத்தாள். சட்டம் சட்டம்தான். அவள் தட்டில் நாலு மீன். டெல்பர்ட் தட்டில் மூன்று. என் தட்டில் முட்டைக்கோஸும் இரண்டு உருண்டையும். புதன்கிழமை நான் மனசில் ஓட்டிப் பார்த்த படம் அப்படியே ஓடியது, ஆள் மட்டும் மாறியிருந்தது.

டெல்பர்ட் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. தன் மூன்று மீனையும் சின்னப்பிள்ளை பரிசுக் கோப்பையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டல் இல்லாவிட்டால் இது கிடைத்திருக்காது என்று ஒலீட்டாவிடம் சொன்னான். கோல் எப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான், புல்வெளியில் எப்படிச் சொல்லிக் கொடுத்தான் என்று ஆரம்பித்து, கல்லாவில் நடந்ததையும் சொல்லப் போனான். அந்த ம்-ஐ அவள் முன்னால் புண்ணியமாக்கப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது இரக்கம் இல்ல, டெல்பர்ட்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"உன் கண்ணு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் நாலாம் நம்பர் எடுக்கறன்னு நெனச்சேன். ஒரு மீனும் ஏறாதுன்னு தெரிஞ்சே ம் சொன்னேன். நீ இந்த மேஜையில வெறுந்தட்டோட உக்காரணும்னு ஆசைப்பட்டேன். ஏன்னா ஆறு வருஷமா நான் இந்த மேஜையில உக்காரணும்னு ஆசைப்பட்டேன். வாயத் தொறந்து கேக்கல. நீ கேக்காமலே உனக்குக் கெடச்சிருச்சுன்னு வயிறெரிஞ்சேன்."

இவ்வளவு நாள் இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வழி விடாத வாய், அன்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. கொட்டியதும் உடம்பு லேசாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒலீட்டா தன் டீக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். காதோரம் சிவந்திருந்தது.

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. டெல்பர்ட் எழுந்து என்னை இரண்டு அறை விட்டால் வாங்கிக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அவன் முள்கரண்டியை எடுத்தான். தன் மூன்று மீனில் பெரியதைத் தூக்கி, மேஜைக்குக் குறுக்கே கொண்டுவந்து என் தட்டில் வைத்தான். சட்டத்தை மீறுகிறானே என்று நான் ஒலீட்டாவைப் பார்த்தேன். அவள் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி, மரமே இல்லாத கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு," என்றான் டெல்பர்ட். "முள்ளு இருக்கும். பாத்து."